பேராசிரியர் இன்னார்

பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவருக்கு நல்ல யோசனை ஏதாவது தோன்றினால், அன்றைக்கே அதை மறந்துவிடுவது உத்தமம். வாயால் சொன்னால்கூடத் தப்பிக்க வழியுண்டு. எழுதிக் கொடுத்துவிட்டால் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. மதி அம்மா எழுதிக் கொடுத்தார்.

மதி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். முழுப்பெயர் வேறு, அதை இங்கே சொல்ல அவருடைய எழுத்துமூல ஒப்புதல் என்னிடம் இல்லை. சட்டத்துறையில் இணைப்பேராசிரியர். கணினியும் செல்பேசியும் மனிதர்களின் அந்தரங்கத்தைக் கேட்காமல் அள்ளிக்கொண்டு போவதைச் சட்டம் எப்படித் தடுக்கலாம் என்பது அவர் பாடம். இருபத்தாறு வருடமாக அதே பாடம். தொடங்கிய புதிதில் அன்றைய துறைத்தலைவர், "அந்தரங்கப் பிரச்சனையா? அதுக்கு டாக்டர்கிட்டல்லம்மா போகணும்" என்றார். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் செல்பேசியை நீட்டி, "இதுல இருந்த ஃபோட்டோ எல்லாம் எங்கயோ போயிடுச்சு, எடுத்துக் குடுங்களேன்" என்கிறார்கள். இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் அவருடைய பாடத்தை யாராவது புரிந்துகொண்ட காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். எப்போது வந்து எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். முதல் முறை அது தேர்வுக் குழுத்தலைவரின் மாணவருக்குப் போயிற்று. இரண்டாம் முறை குழுத்தலைவரின் மருமகனுக்கு. மருமகன் படித்தது வேறு துறை என்பதால் அவரால் யார் பக்கமும் சாயாமல் இருக்க முடியும் என்று குழு காரணம் எழுதியது.

அதற்குப் பிறகுதான் அந்த நல்ல யோசனை. பல்கலைக்கழகம் அந்தரங்கப் பாதுகாப்பு விதிகள் வகுக்கப்போவதாகச் சொல்லி, வல்லுநர் என்ற முறையில் அவரிடம் வரைவு கேட்டது. மூன்று பக்கம் கொடுத்தார். பதினோராவது விதி இது: பதவி உயர்வுக் கோப்பில் விண்ணப்பித்தவரின் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. வேலையைப் பார்த்து முடிவு செய்யட்டும், ஆளைப் பார்த்து வேண்டாம் என்பது அவர் எண்ணம். அந்த மூன்று பக்கத்தை ஒன்பது பேர் கொண்ட குழு எட்டு மாதம் உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு பக்கமாக்கியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் கட்டெறும்புதான் கழுதையாகும்.

பதினோராவது விதிக்கு மட்டும் பன்னிரண்டு உட்பிரிவுகள் முளைத்திருந்தன. ஏழாவது உட்பிரிவு சொன்னது: பெயர் நீக்கிய கோப்பு தன்னுடையது என்று ஒருவர் வாயாலோ, எழுத்தாலோ, சைகையாலோ, பொருள் பொதிந்த மௌனத்தாலோ தெரிவித்தால் விண்ணப்பம் ரத்து. குழு அதைக் காட்டியபோது மதி அம்மா சரி பார்த்துக் கையெழுத்தும் போட்டார். அன்றைக்கு அவருக்கு நாலு வகுப்பு. களைத்துப் போயிருந்தார்.

மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. ஒரு நாளாவது பேராசிரியராக இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெட்கப்பட வேண்டிய ஆசை ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

"விட்டுத் தொலையேன் மதி," என்றார் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "என் கடைக்கு வர்றவங்க எல்லாம் சின்ன எழுத்து தெரியலன்னு வர்றாங்க. சின்ன எழுத்தைப் படிச்சுப் படிச்சே கண்ணைக் கெடுத்துக்கிட்டவ நீ ஒருத்திதான்."

"கடைசியா ஒரு தடவைங்க."

"போன தடவையும் இதேதான் சொன்னே."

"போன தடவை பேரைப் பார்த்தாங்க. இந்தத் தடவை பார்க்க முடியாது."

ஆயிரத்து நூற்று நாற்பது பக்கக் கோப்பு. கட்டுரைகள், தீர்ப்புகளுக்கு எழுதிய விளக்கங்கள், அவருடைய ஒரே புத்தகமான 'அனுமதியின் மதிப்பு'. எல்லாவற்றிலும் ஆசிரியர் பெயர் அந்தச் செல்லப்பெயர்தான், மதி. அனுமதி என்றால் என்ன, ஒருவர் தெரிந்து கொடுப்பதா, தெரியாமல் கொடுத்தாலும் செல்லுமா என்று யோசித்தே அவர் தலை நரைத்திருந்தது. கோப்பை, புதிய விதிகளுக்காகத் தொடங்கிய பெயர்நீக்கப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அவருக்கு மட்டும் அல்ல, பல்கலைக்கழகத்தில் இருக்கும் எண்ணூறு பேருக்கும்.

'இன்னார்ப்பிற்குரியவரே, யாரோ ஒருவரின் கோப்பு அறியப்படாத மொழியில் எழுதப்பட்டிருப்பதாக இன்னார்ப்பீட்டுக் குழு கருதுகிறது. அது யார் என்று சொல்ல எங்களுக்கு அனுஇன்னார் இல்லை. உரியவர் புரிந்துகொள்ளவும். புரிந்துகொண்டதை வெளிக்காட்ட வேண்டாம்.'

மூன்று முறை படித்தார். நாலாம் முறை படித்தபோது அது தன் கோப்பு என்று புரிந்தது. பெயர்நீக்கப் பிரிவைத் தேடிப் போனார்.

உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்த அறையைத்தான் பிரிவாக்கியிருந்தார்கள். பெஞ்சுகள் அப்படியே இருந்தன. இருப்பதிலேயே குறைவாக உடைந்த பெஞ்சில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு எழுத்தர், ஒரு கணினி.

"சார், இன்னார்ப்பீடுன்னா என்ன?"

கண்காணிப்பாளர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பரீட்சைப் பேப்பருக்கெல்லாம் பண்ணுவாங்களேம்மா, அது. அந்தச் சொல்லை வாயால சொல்லக்கூடாது. அதுல ஒருத்தர் பேர் இருக்கு."

விஷயம் இவ்வளவுதான். எழுத்தர் கணினியில் 'தேடி மாற்று' என்ற இடத்தில் 'மதி' என்று அடித்து, அதற்குப் பதில் 'இன்னார்' என்று போட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அனுமதி அனுஇன்னார் ஆயிற்று. மதிப்பு இன்னார்ப்பு ஆயிற்று. அவருடைய புத்தகம் 'அனுஇன்னார்யின் இன்னார்ப்பு' ஆயிற்று. எழுத்தர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். ஒரு கோப்போடு நிறுத்தாமல் பல்கலைக்கழகத்தின் கணினியில் இருந்த எல்லா ஆவணங்களிலும் அதே பொத்தானை அழுத்திவிட்டார். மூன்று நிமிடம் ஆனதாம்.

"பேரை எடுக்கச் சொன்னா சொல்லை எல்லாம் எடுத்திருக்கீங்களே சார்?"

"எது ஆளு, எது சொல்லுன்னு பார்க்கணும்னா கோப்பைப் படிக்கணும். படிச்சா யாரோடதுன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா விதிமீறல். அதனால இங்க யாரும் எதையும் படிக்கறதில்லம்மா. முப்பது வருஷமா அப்படித்தான். இப்பதான் அதுக்கு விதின்னு ஒண்ணு வந்திருக்கு."

"திருப்பி மாத்திடலாமே?"

"தாராளமா. படிவம் இருக்கு." கண்காணிப்பாளர் எடுத்தே நீட்டினார். "ஆனா கோப்புக்கு உரியவர்தான் கேட்கலாம். நீங்க உரியவரா?"

மதி அம்மா வாயைத் திறந்தார். ஏழாவது உட்பிரிவு ஞாபகம் வந்தது. மௌனமும் ஆபத்து என்பது அடுத்து ஞாபகம் வந்தது.

"இல்ல," என்றார்.

"அப்புறம் உங்களுக்கு என்னம்மா இதுல?"

"சும்மாதான். மொழி மேல ஒரு அக்கறை."

"மொழித்துறை அடுத்த கட்டடம்," என்றார் கண்காணிப்பாளர். கல்லில் நார் உரிக்கலாம். இவரிடம் ஒரு காகிதத்தை உரிக்க முடியாது.

ஒரு மாதத்தில் எல்லாரும் பழகிவிட்டார்கள். அதுதான் அவரை மிகவும் சோர்வடையச் செய்தது. வாசல் காவலாளி வண்டிகளை நிறுத்தி, "அனுஇன்னார்ச் சீட்டு இருக்கா?" என்று கேட்டார். வருகைப் பதிவேட்டில் மணமான பெண்கள் எல்லாரும் திருஇன்னார் ஆனார்கள். உணவகத்தில் 'இன்னார்ய உணவு தயார்' என்று பலகை தொங்கியது. மாணவர்களுக்கு இன்னார்ப்பெண் பட்டியல் வந்தது. ஆண் மாணவர்கள் தங்களுக்குத் தனியாக இன்னார்ப்பையன் பட்டியல் வேண்டும் என்று போராடினார்கள், அதை ஆராயக் குழு போடப்பட்டது. சட்டத்துறையிலேயே ஒரு விரிவுரையாளர் நீதிமன்ற அவஇன்னார்ப்பு பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. 'சம்மதம்' மட்டும் ஒரே ஒரு எழுத்தில் தப்பித்திருந்தது. சம்மதித்தவர்கள் தப்பிக்கவில்லை.

விதிகள் நடைமுறைக்கு வந்து ஓராண்டு ஆனதற்கு விழா எடுத்தார்கள். துணைவேந்தர் பேசினார்.

"மத்த இடங்கள்ல அந்தரங்கத்தைப் பத்தி யாரும் கவலைப்படறதே இல்ல. இங்க அப்படி இல்ல. உங்க ஒவ்வொருத்தரோட அந்தரங்கத்தையும் நாங்க கண்ணும் கருத்துமா பார்த்துக்கிட்டு இருக்கோம். யார் எத்தனை மணிக்கு வர்றாங்க, யார்கூடப் பேசறாங்க, என்ன மாத்திரை சாப்பிடறாங்க, எல்லாத்தையும் ஒரே இடத்தில பத்திரமா வச்சிருக்கோம். உங்க ரகசியம் எதுவும் எங்களுக்குத் தெரியாமப் போயிடாது. அந்த நம்பிக்கையோட நீங்க நிம்மதியா…" இங்கே நாக்கைக் கடித்துக்கொண்டார். "நிம்இன்னாரா வேலை செய்யலாம்."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. கைதட்டாதவர்களைப் படமெடுக்க அரங்கில் கேமரா இருந்தது.

கோப்பு வெளியூர் வல்லுநர்கள் மூவருக்குப் போனது. இருவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாமவர், பாவம், படித்துவிட்டார். பதினான்கு பக்கம் எழுதி அனுப்பினார். யாருடைய கோப்பு என்று தெரியாததால் அதுவும் எண்ணூறு பேருக்கும் வந்தது. மதி அம்மா அதைத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்.

'அனுஇன்னார் என்ற புதிய சொல்லை இவர் துணிந்து படைத்திருக்கிறார். திரையில் ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தானைத் தினமும் கோடிப் பேர் அழுத்துகிறார்கள். அழுத்துகிறவர் படித்தவர் இல்லை, புரிந்தவர் இல்லை, மறுக்க வழியுள்ளவரும் இல்லை. அப்படியானால் ஒப்புக்கொண்டது யார்? யாரோ. இன்னார். அதை அனுமதி என்று சொல்வது பொய். அனுஇன்னார் என்பதே சரி. இந்தத் துறையில் இப்படி ஒரு சிந்தனையை நான் கண்டதில்லை.'

அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இருபத்தாறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டும் தனக்கு அகப்படாத ஒரு வரி, எழுத்தர் பொத்தானை அழுத்தியதில் அகப்பட்டிருக்கிறது. புத்தகம் வந்த பதினோரு வருடத்தில் அதை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. பாராட்டு வந்திருக்கிறது, தான் எழுதாததற்கு.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. முகம் தெரியக் கூடாது என்பதால் அறைக்கு நடுவில் திரை. குரல் தெரியக் கூடாது என்பதால் பதில்களைச் சீட்டில் எழுத வேண்டும். பெயர்நீக்கப் பிரிவின் எழுத்தர் அதை உரக்கப் படிப்பார். மதி அம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார். எழுத்தர் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கம் துணைவேந்தரும் நாலு பேரும்.

"இத்தனை வருஷ ஆராய்ச்சியில நீங்க கண்டுபிடிச்சது என்ன? ஒரே வரியில சொல்லுங்க," என்றார் துணைவேந்தர்.

அவர் எழுதினார். எழுத்தர் படித்தார்: "கேட்காமல் எடுத்துக்கொள்வது அனுஇன்னார் ஆகாது."

"அடடா!" என்று திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள்.

சீட்டில் அவர் எழுதியிருந்தது அனுமதி. அதை வாங்கி, தடித்த எழுத்தில் அடிக்கோடிட்டுத் திரும்பக் கொடுத்தார். எழுத்தர் கண்ணால் கெஞ்சினார். "அனுஇன்னார்," என்று இன்னும் அழுத்தமாகப் படித்தார். அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

மதி அம்மாவுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றார். "அனுமதி!" என்று கத்தினார். "அது அனுமதிங்க. சின்னக் குழந்தைக்கும் தெரிஞ்ச சொல்லு. ஆராய்ச்சியும் இல்ல, கோட்பாடும் இல்ல. உங்க ஆபீஸ்ல நடந்த தப்பு."

இருபத்தாறு வருடமாகக் கூட்டங்களில் எல்லாரும் கேட்ட குரல் அது. துணைவேந்தர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"மதி அம்மா," என்றார், "நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிடுச்சுன்னா எழுத வேண்டியிருக்கும். எழுதினா ரத்தாயிடும். மூணாவது தடவையும் உங்களுக்கு இப்படி ஆகணுமா? நாங்க எதையும் கேட்கல. தயவுசெஞ்சு உட்காருங்க."

உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? கால் வலித்தது.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது, எண்ணூறு பேருக்கும். 'இன்னார் பேராசிரியராக நியமிக்கப்படுகிறார். உடனே பணியேற்க வேண்டும்.' பணியேற்புப் படிவத்தில் முதல் கட்டம் பெயர். இரண்டாவது கட்டம், மேற்படி கோப்பு தன்னுடையதே என்ற உறுதிமொழி. மதி அம்மா மறுபடி உடைந்த பெஞ்சு அறைக்குப் போனார்.

"சார், பொதுவா ஒரு சந்தேகம். நியமனம் ஆனப்புறம் ஒருத்தர் அந்தக் கோப்பு என்னோடதுன்னு சொன்னா?"

"ரத்து."

"அதான் நியமனம் ஆயிடுச்சே?"

"எப்ப வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு விதியில தேதி போடலையேம்மா. யார் எழுதினாங்களோ புண்ணியவான்."

"நான்தான் எழுதினேன்."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்," என்றார் கண்காணிப்பாளர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் தெரியாது.

இன்னார் பணிக்கு வரவில்லை. பேராசிரியர் வரும்வரை அவருடைய வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும்படி துறைத்தலைவர் மதி அம்மாவைக் கேட்டுக்கொண்டார். சட்டத்துறையில் வேறு யாருக்கும் அந்தப் பாடம் தெரியாது. மூன்று மாதம் இரண்டு பேர் வேலையை அவர் ஒருத்தியாகச் செய்தார். விடைத்தாளில் மாணவர்கள் அனுஇன்னார் என்று எழுதியிருந்தார்கள். முதலில் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு அடுக்கு பெரிதாக இருந்ததால் விட்டுவிட்டார்.

ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னார் இன்னும் வந்து சேரலம்மா. எவ்வளவு திமிர் பாருங்க. நடவடிக்கை எடுக்கணும். ஆளு யாருன்னு தெரியாம விசாரிக்கணும், அதுக்கு அந்தரங்கச் சட்டம் படிச்சவங்கதான் வேணும். நீங்கதான் ஒருநபர் விசாரணைக் குழு. வர்ற திங்கட்கிழமை அறிக்கை குடுத்துடுங்க."

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கணவர் எதிரே உட்கார்ந்து ஒரு கண்ணாடியின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதப்போறே?"

"நான் ஏன் வேலைக்கு வரலன்னு நானே என்னை விசாரிச்சு எழுதணும்."

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். "நான்தான் அதுன்னு எழுதிடேன் மதி. இன்னும் என்னத்தை ரத்து பண்ணிடப் போறாங்க?"

"அதையும் பண்ணிட்டாங்கன்னா எனக்குன்னு ஒண்ணும் இருக்காதுங்க. இப்ப பேர் இல்லாமலாவது இருக்கு."

கணவர் திருகாணியை வைத்துவிட்டு, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அறிக்கை நாலு வரிதான். 'விசாரித்தேன். இன்னார் பணிக்கு வரவில்லை என்பது சரியல்ல. அவர் இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருக்கிறார். மூன்று மாதமாகப் பேராசிரியரின் வகுப்புகளையும் எடுக்கிறார். அவர் யார் என்று இங்கே அனைவருக்கும் தெரியும்.'

துணைவேந்தர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "பிரமாதம். கடைசி வரி மட்டும் வேண்டாம். அது அவரோட அந்தரங்கம்."

"எடுத்துடுங்க சார்."

எடுத்தார். "இருபத்தாறு வருஷம்னா, அவருக்கு ஓய்வு வயசு வந்திருக்குமே?"

"இந்த மாசம் முப்பதாம் தேதி."

"உங்களுக்கும் அன்னைக்குத்தானே?"

"ஆமா சார்."

"நல்லதாப் போச்சு," என்றார் துணைவேந்தர். உண்மையாகவே மகிழ்ந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே விழாவா வச்சிடலாம்."

முப்பதாம் தேதி மேடையில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உயரமான முதுகு வைத்தது பேராசிரியர் இன்னாருக்கு. பிளாஸ்டிக் நாற்காலி மதி அம்மாவுக்கு. இன்னாரைப் பற்றி ஐந்து பேர் பேசினார்கள். அவருடைய அடக்கத்தைப் பாராட்டி, புகழைத் தேடி ஒரு நாளும் வெளியே வராதவர் என்றார்கள். மதி அம்மாவைப் பற்றி ஒருவர் பேசினார், நேரம் இல்லாததால் சுருக்கமாக. கணவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஐந்து பேருக்கும் கைதட்டினார். யாருக்குத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டியது அந்த அரங்கில் அவர் ஒருவர்தான் என்று சொல்ல முடியாது. எல்லாருக்குமே தெரியும்.

கூட்டம் கலைந்தது. ஆட்கள் வந்து ஒலிபெருக்கியைக் கழற்றத் தொடங்கினார்கள். மதி அம்மா எழுந்தார். இரண்டடி நடந்து, உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டார்.

பெயர்நீக்கப் பிரிவின் கண்காணிப்பாளர் படியேறி ஓடிவந்தார். "அம்மா, அம்மா, அது பேராசிரியரோட நாற்காலி."

"தெரியும் சார்," என்றார் மதி அம்மா. எழுந்திருக்கவில்லை.